ஹென்றி கட்டாமல் விட்ட கேட்

ஹென்றியின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் அது திரும்பினால், ஹென்றி வந்து சேர அரை நாழிகை ஆகும். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் வேலையை விட்டுவிட்டு ஏழு வருஷம் தகர ரயில் செய்தார். தகரத்துக்காக அவர் மண்ணெண்ணெய் டின் வாங்கிய வாங்கில் தூத்துக்குடியே விளக்கில்லாமல் கிடந்தது.

நாற்பத்தாறாம் வருஷத்து மாதா கோயில் திருவிழாவுக்கு, உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் அதைப் பரப்பி வைத்தார். தூத்துக்குடியிலிருந்து மணியாச்சி வரைக்கும் உள்ள பாதை அப்படியே சின்னதாக, அதில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். உப்பளத்துக்கு நிஜ உப்பையே கொட்டியிருந்தார். வாசலில் நின்று தகரக் குழாயில் ஆள் கூப்பிடுவது என் வேலை. என் சத்தத்துக்குக் கொழும்பிலிருந்தே கூட்டம் வந்தது.

ஒரே குறை. உப்பளத்துப் பக்கம் வந்ததும் ரயில் நின்றுவிடும். சாவி தளர்ந்திருக்காது. தண்டவாளத்தில் தூசி இருக்காது.

“என்ன வே, எஞ்சினுக்குத் தாகமா?” என்பேன். கூட்டம் சிரிக்கும். ஹென்றி சிரிக்கமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. காலையில் கதவைத் திறந்தால், உப்பின் மேல் வண்டித் தடம் போல இரண்டு சன்னக் கோடுகள். நடுவே அரிசியளவு குளம்படிகள். நேரே தண்டவாளம் வரை வந்து, அங்கேயே நின்றுவிடும்.

“பல்லி வண்டி பூட்டிட்டு வருது” என்று சொல்லித் துடைத்தேன். மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவிழா முடிய ஒரு நாள் இருக்கும்போது நல்லக்கண்ணு வந்தாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். ஹென்றி வேலையை விட்ட அதே வருஷம், அவள் புருஷன் உப்பு வண்டியோடு ரயிலில் அடிபட்டுச் செத்தான். குடிவெறியில் அவனே கேட்டைத் திறந்து போனான் என்று ரயில்வே ஆபீசில் எழுதி முடித்துவிட்டார்கள்.

ரயில் நின்ற இடத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் செஞ்சிருக்கிய. இங்கன ஒரு கேட்டு இருக்குமே அண்ணாச்சி?”

ஹென்றி குனிந்து, தூசியில்லாத தண்டவாளத்தைத் துடைத்தார்.

“அவிய ஒரு சொட்டுக் கள்ளு குடிச்சதே இல்ல. ஊரு என்னையக் குடிகாரன் பொண்டாட்டின்னுதான் கூப்பிடுது.”

“கேட்டு தெறந்துதான் கெடந்துது தாயி” என்றார் ஹென்றி. “நான் அசந்து தூங்கிட்டேன். பழி அவன் மேல விழுந்தப்போ வாயத் தெறக்கல.”

கிட்டங்கி நிறைய ஜனம். அத்தனை பேரும் கேட்டார்கள்.

“இத ஆபீசுல வந்து சொல்லுவியளா?”

“எழுதிக் கையெழுத்தே போட்டுத் தாரேன்.”

அங்கேயே உட்கார்ந்து தீக்குச்சியில் ஒரு கேட் செய்தார். எட்டுக் குச்சி ஒடிந்த பிறகு, ரயில் நிற்கும் இடத்தில் அதை நட்டார். நல்லக்கண்ணு ஒற்றை விரலால் அதை மூடினாள். ரயில் நிற்காமல் போனது. யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் காலை நான்தான் கதவைத் திறந்தேன். தீக்குச்சி கேட் திறந்து கிடந்தது. உப்பில் அதே தடம். இந்தத் தடவை தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் ஊரைப் பார்த்துப் போயிருந்தது.

நான் துடைக்கவில்லை.