செருப்பில் வெட்டிய சீல்களும் புனிதத்தின் மகனும்

றப்பர் சீல் குத்தி வாழ்த்து மட்டை செய்கிற தொழிலில் முதலில் பழுதாவது உடுத்த சேட்டு, அடுத்தது விரல் நுனி, கடைசியாக மனிசியின் பொறுமை. உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் இப்பவே கையைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரலில் நீலம் தெரிகிறதா? அது சவர்க்காரத்துக்குப் போகாது, தேசிக்காய்க்கும் போகாது. நான் நயினாதீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு மட்டை விற்ற காலத்தில், திருநீறு வாங்கக் கை நீட்டினால் ஐயர் முதலில் என் விரலைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார். தேர்தல் இல்லாத மாதத்தில் இவன் எங்கே போய் வாக்குப் போட்டான் என்று அவருக்கு யோசனை.

கண்ணில் படலம் எடுத்த பிறகு பவளம், அதாவது என் மனிசி, என்னைச் சீல் வெட்டுகிற பிளேட்டைத் தொட விடுவதில்லை. மேசையும் குசினிக்குள் போய்விட்டது. ஆனால் மைப்பெட்டியைத் திறந்தால் இறங்குதுறை முழுக்க மூக்கில் வந்து நிற்கும்: டீசல், கற்பூரம், வறுத்த கச்சான், உப்புக்காற்று.

தொப்பி போட்ட கொழுக்கட்டை

தெற்கில் வைத்திருந்த கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்த எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நாள் முழுக்கக் குசினியில் நின்று உப்புப் பார்த்தேன். பவளம் லண்டனில் இருக்கிற மகளிடம் முறையிட, மகள் ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே றப்பர் சீல்கள், மைப்பெட்டிகள், தடித்த மட்டைகள். அங்கே வயதுபோனவர்கள் இப்படித்தான் வாழ்த்து மட்டை செய்து பொழுது போக்குவார்களாம்.

சீல்கள் எல்லாம் அந்த நாட்டுச் சீல்கள். தைப்பொங்கலுக்கு அதில் எதைக் குத்துவது? மானின் கொம்பை நறுக்கி மாடாக்கினேன். ஊசியிலை மரத்தைச் சீவிக் கரும்பாக்கினேன். புகைக்கூண்டு வைத்த வீடு ஒரு வெட்டில் அடுப்பாகியது. பனிமனிதனை மட்டும் ஒன்றும் செய்ய ஏலவில்லை. அப்படியே குத்தி, பொங்கல் பொங்கி வழிகிறது என்று சொல்லி விற்கப் பார்த்தேன். கோயிலுக்கு வந்த ஒரு ரீச்சர் மட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வடிவாய்த்தான் கிடக்கு அண்ணை. ஆனால் கொழுக்கட்டைக்கு ஏன் தொப்பி போட்டு விட்டிருக்கிறியள்?”

போகிற வள்ளம்

அதற்குப் பிறகு சீல்களை நானே வெட்டத் தொடங்கினேன். தேய்ந்த றப்பர் செருப்பு, ஒரு சவர பிளேட், வேறொன்றும் தேவையில்லை. செருப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஊரெல்லாம் திரிந்த ஆளின் செருப்பில் வள்ளம் வெட்டினால் உயிரோடு வரும். வீட்டோடு கிடந்த ஆளின் செருப்பில் எதை வெட்டினாலும் பூசணிக்காய்தான் வரும். நம்பாதவர்கள் வெட்டிப் பாருங்கள்.

ஒருநாள் ஒரு கட்டு மட்டையில் வலது பக்கம் கோயில் கோபுரத்தைக் குத்திக் காயவிட்டு, கோபுரத்தைப் பார்த்து வருகிற வள்ளம் ஒன்றை வெட்டினேன். வெட்டும்போது ஒரு பக்கம் பார்ப்பது குத்தினால் மற்றப் பக்கம் பார்க்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்குத்தான் மறந்துபோயிற்று. மட்டையில் வள்ளம் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கரைக் குறிகட்டுவானுக்குப் போகிறது. வெளியூர்க்காரருக்கு அது தெரியவில்லை. கடல் நீலமாக இருக்கிறது, கொடி பறக்கிறது, வாங்கிக்கொண்டு போனார்கள்.

புனிதம் எங்களுக்கு அடுத்த வளவு. புருஷன் காலமாகி நெடுநாள். ஒரே மகன் தயாளன் சுவிஸுக்குப் போனவன் போனவன்தான். முதலில் விசா இல்லை. விசா கிடைத்தபோது லீவு இல்லை. லீவு கிடைத்தபோது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அவன் ஃபோன் எடுத்தால், நான் நல்லாய் இருக்கிறன், நீ யோசியாதை என்பாள். வா என்ற சொல் மட்டும் அவள் வாயில் வராது. கேட்டு அவன் வராமல் விட்டால் தாங்க ஏலாது என்று பவளத்திடம் ஒருமுறை சொன்னாளாம். தான் சொல்லாததை மட்டை சொல்லட்டும், ஆனித் திருவிழாவுக்கு அவன் வந்து நிற்கட்டும் என்றுதான் என் மேசைக்கு வந்தாள். நான் திறமான ஒன்றைத் தெரிந்தெடுத்து நீட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தாள். “இது போற வள்ளம் அண்ணை. நான் அவனை ஒருக்கால் அனுப்பினது காணும். வாற வள்ளம் ஒண்டு வெட்டித் தாங்கோ.”

சோளகத் தபால்

திருவிழாக் காலத்தில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுமே, அது மட்டை செய்கிறவனுக்கு மாமியார் மாதிரி. ஈர மட்டைகளைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுவேன். ஒருநாள் காற்று கிளிப்போடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிற்று. காரைநகரில் இருக்கிற தங்கச்சிக்கென்று ஒரு அம்மா சொல்லிச் செய்வித்த மட்டை அது. விலாசம் எழுதியாயிற்று, முத்திரை இன்னும் ஒட்டவில்லை. கடலுக்கு மேலால் கோபுர உயரத்துக்கு எழும்பி வடகிழக்கே திரும்பியதை நானே பார்த்தேன். அனலைதீவுப் பக்கம் கொஞ்சம் தாமதித்து, ஒரு கடற்காகத்திடம் வழி கேட்டதாகவும் கேள்வி.

காரைநகரில் தங்கச்சி வாசல் கூட்டிக்கொண்டிருக்க, கிடுகு வேலியில் வந்து செருகிக்கொண்டதாம். தபாலில் போயிருந்தால் ஒரு கிழமை சென்றிருக்கும். நான் இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அந்த அம்மா அடுத்த முறை வந்து சொன்னபோது சாட்சிக்குப் பவளமும் பக்கத்தில் இருந்தாள். “போய்ச் சேர்ந்தது சரி அண்ணை, மைதான் அப்பிப்போச்சாம். இனிமேல் நல்லாய்க் காயவிட்டிட்டுக் காத்திலை விடுங்கோ.”

பனாட்டு

புனிதத்துக்கு வாற வள்ளம் வெட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தவள் அடுத்த நாள் தன்னுடைய பழைய செருப்போடு வந்து பிளேட்டைக் கேட்டாள். அன்றிலிருந்து மேசைக்கு இரண்டு பேர். மட்டை கிடைத்ததும் தயாளன் ஃபோன் எடுத்து, நல்ல வடிவம்மா என்றான். வள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவன் கவனிக்கவில்லை. அந்த ஆனி அவனில்லாமலே போயிற்று.

படம் மட்டும் காணாது, தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று புனிதம் தீர்மானித்தாள். ஓலை நறுக்கு, சோகி, கடற்கரை மணல், பழைய கூறைச்சீலைக் கரை என்று எல்லாவற்றையும் மாப்பசையில் ஒட்டினோம். பாதி சீலும் பாதி பொருளுமான அந்த மட்டைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் அடிபிடி. மகனுக்குச் செய்த மட்டையில் பனையை ஓலையால் ஒட்டினாள். கீழே விழுந்து கிடக்கிற பனம்பழத்துக்குப் பனாட்டையே வட்டமாக வெட்டி ஒட்டினாள். பனங்களியை வெயிலில் காயவைத்து எடுக்கிற அந்தப் பனாட்டு, சுங்கத்தைத் தாண்டுமா என்று நான் பயந்தேன். தாண்டியது. உறையைப் பிரித்தபோது அவன் இருக்கிற தொடர்மாடியில் இருந்த தமிழர் எல்லாரும் கதவைத் திறந்து மூக்கை வெளியே நீட்டினார்களாம். இரண்டு கிழமை கழித்துப் புனிதம் மேசைக்கு வந்து, பசைச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னாள்: “பனாட்டைச் சுரண்டித் திண்டிட்டானாம் அண்ணை. வாறதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.”

பெருவிரல் பட்ட இடம்

அடுத்த ஆனி கிட்டியபோது புனிதம் தன் வீட்டையே சீலாக வெட்டினாள். ஓட்டுக் கூரை, முன் விறாந்தை, கிணற்றடி, கேற், ஒன்றும் விடவில்லை. மட்டையிலும் அச்சொட்டாக வந்தது. வந்த சந்தோஷத்தில் தூக்கிப் பார்த்தாள். மை தோய்ந்த பெருவிரல் விறாந்தையின் நடுவில் பட்டு, கறுப்பாக ஒரு அப்பல்.

மை பட்ட மட்டையை எங்கள் தொழிலில் யாராவது எறிவார்களா? மேலே இன்னொரு சீலைக் குத்தி மூடுவோம். சின்னப் புள்ளி என்றால் எறும்பு, கொஞ்சம் பெரிதென்றால் காகம். எங்கள் மட்டைகளில் காகம் கூடுதலாகப் பறப்பதற்கு அதுதான் காரணம். புனிதத்தின் பெருவிரலை மூடக் காகம் காணாது. பெட்டியைக் கிளற, பென்சன் எடுத்தவர்களுக்கென்று வெட்டிய சீல் ஒன்று அகப்பட்டது. இடுப்பில் சாரம் கட்டிய ஒரு மனிசன் கதிரையில் சாய்ந்து பேப்பர் படிக்கிறார். எடுத்துக் குத்தினேன். அப்பல் மறைந்தது. ஆள் நடு விறாந்தையில் வெகு சௌகரியமாக இருந்தார். புனிதம் மட்டையை எடுத்து உறைக்குள் வைத்தாள். “இப்பதான் விறாந்தை வெறிச்செண்டு இல்லை” என்று சொல்லித் தபாலில் போட்டாள்.

மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் எடுக்கிற பெடியன் நாளுக்கு மூன்று தரம் எடுக்கத் தொடங்கினான். நான் கேட்டேன், “என்னவாம் புனிதம், நீர் என்ன சொன்னனீர்?” அவள் சீலில் ஊதி ஊதித் தூசு தட்டினாள். “ஆரம்மா அந்தாள் எண்டான். அது மையடா எண்டன். மை சாரம் கட்டிக்கொண்டு பேப்பர் படிக்குமோ எண்டு கேக்கிறான். எனக்கு விசர் வந்திட்டுது அண்ணை, அப்ப நீயே வந்து பாரன் எண்டு சொல்லிப்போட்டன்.”

மூஞ்சை என்னுடையது

கொடியேற்றத்துக்கு முதல்நாள் வள்ளத்தால் இறங்கின ஒருவர், சில்லுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து மட்டையை எடுத்து என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சீலைக் கண்ணாடி பார்த்து வெட்டியவன் நான். வழுக்கை, மூக்குக்கண்ணாடி, மீசை எல்லாம் அப்படியே இருக்கிறது.

“மாமா, இது நீங்களோ?”

“மூஞ்சை என்ரை, தம்பி. மிச்சம் கற்பனை.”

தேத்தண்ணி கொண்டுவந்த பவளம் மட்டையை எட்டிப் பார்த்தாள். “இந்த மனிசன் சொந்த வீட்டிலையே ஒரு இடத்திலை இருக்கிறேல்லை. உன்ரை கொம்மாவின்ரை விறாந்தையிலை எங்கை இருக்கிறது?”

நான் ஒரு வெறும் மட்டையில் பெருவிரலை அப்பி, அதன்மேல் சீலைக் குத்திக் காட்டினேன். தயாளன் தன் மட்டையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். கதிரைக் காலுக்குப் பக்கத்தில், மை மூடாமல் விட்ட இடத்தில், மெல்லிய ரேகைகள் தெரிந்தன. தாயின் பெருவிரல். அவன் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. பிறகு மட்டையைப் பக்குவமாகப் பைக்குள் வைத்தான். “அம்மா ஒருநாளும் என்னை வா எண்டு கேட்டதில்லை மாமா. கோவத்திலையெண்டாலும் இந்தமுறைதான் கேட்டவ. அதுக்குப் பிறகு லீவு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அடுத்த மட்டை

பெண்சாதி பிள்ளைகளைச் சுவிஸில் விட்டுவிட்டு வந்தவன், தேர், தீர்த்தம் எல்லாம் முடியுமட்டும் நின்றான். ஓடு மாற்றினான், கிணறு இறைப்பித்தான், தாய் காய்ச்சிய ஒடியல் கூழைச் சட்டியோடு வைத்துக் குடித்தான். புனிதம் அந்த நாட்களில் மேசைப் பக்கமே வரவில்லை. காலையில் மதிலுக்கு மேலால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். பவளமும் நானும் கேட்டுக்கொண்டிருப்போம்.

அவன் போன அன்று புனிதம் இறங்குதுறையில் நின்றாள். வள்ளம் ஒரு புள்ளியாகி, புள்ளியும் போன பிறகு, திரும்பி என் மேசைக்கு வந்தாள். அழுதால் என்ன சொல்வதென்று நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். அவள் சீலைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் துடைத்தாள், வேறொரு தேய்ந்த செருப்பைத் தெரிந்தெடுத்தாள், பிளேட்டை எடுத்தாள். “உங்கடை கிழவனை இனி விடுங்கோ அண்ணை. இந்தமுறை விறாந்தையிலை ஒரு வடிவான பெட்டையை இருத்துவம், மருமகளும் ஒருக்கால் வந்து பாக்கட்டும்.”

இவ்வளவு காலமும் செருப்பை வெட்டி நான் படித்தது என்னவென்றால், வடிவான மட்டைக்கு ஃபோன் வரும், மை பட்ட மட்டைக்குத்தான் ஆள் வரும்.