‘வாரோம்’ என்றதற்குக் கட்டணம்

கடற்கரைத் தெருவில் விஜிலாவின் வாய்க்கு ஒரு தனி மரியாதை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹென்றியின் மூத்த மகள் அவள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனவள். அங்கே ஒரு தடவை மேஸ்திரி கூலியில் அரை நாளை விழுங்கப் பார்த்தபோது நாற்பது பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். விஜிலா ஒருத்திதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். கூலி அன்றைக்கே திரும்பி வந்தது. அதிலிருந்து யாருக்கு என்ன வழக்கென்றாலும், "ஏளா விஜிலா, ஒரு எட்டு வாயேன்" என்று பக்கத்து வீட்டு அமலோற்பவம் முதற்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். இவளும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். தோற்றுத் திரும்பிய வழக்கு ஒன்றுகூடக் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளுக்கு அந்தப் புதன்கிழமை, மில்லர்புரத்து மாடியில் இருந்த மனநல ஆலோசகரின் கிளினிக்கில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எக்கா, பழைய பாக்கி மூவாயிரத்து அறுநூறு இருக்கு. மூணு நாளு சேந்துபோச்சு, இனி அதக் கட்டினாத்தான் உள்ள விட முடியும்" என்றாள் வரவேற்பு மேஜையில் இருந்த இசக்கிசெல்வி.

"என்ன பாக்கி? ஒவ்வொரு தடவையும் கையோட குடுத்துட்டுத்தான போறேன்?"

"அது வந்த நாளைக்கு. இது வராத நாளைக்கு."

வராத நாளுக்குக் கூலியைப் பிடிப்பார்கள், அது விஜிலாவுக்குத் தெரியும். பார்க்காத வைத்தியத்துக்குக் காசு கேட்பதை அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை. வேறு இடமாக இருந்தால் மாடிப்படி அதிரக் கத்தியிருப்பாள். ஆனால் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், புருஷன் ரெக்சன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ரெக்சனும் அவன் தம்பி ரெனிஷும் சங்கு குளிக்கிறவர்கள். ஒருத்தன் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவான். இன்னொருத்தன் படகில் நின்று குழாயையும் கயிற்றையும் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் உயிர் மேலே இருப்பவன் கையில். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில், கயிற்றின் எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம் என்பது விஜிலாவுக்கே மனப்பாடம். போன தவக்காலத்தில் ஒருநாள் கயிற்றில் இழுப்பே வரவில்லை. குழாய் பாறையில் சிக்கியிருந்தது. ரெக்சன் தம்பியைத் தூக்கிப் படகில் போட்டபோது மூச்சு இல்லை.

அன்றோடு ரெக்சனுக்குப் பேச்சு நின்றது. சோறு வைத்தால் தின்பான், படு என்றால் படுப்பான். முன்னெல்லாம் வெளியே கிளம்பினால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி "வாரேன்ளா" என்று குரல் கொடுப்பான். இப்போது செருப்புகூடப் போடாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனான். இழவு வீட்டிலிருந்துதான் மனிதர்கள் சொல்லாமல் கிளம்புவார்கள். இவன் தன் வீட்டிலிருந்தே அப்படிக் கிளம்பினான். ஒவ்வொரு தடவையும் விஜிலா செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். ஜூன் மாதம் ஒரு விடியற்காலை அவள் கண்ணயர்ந்துவிட்டாள். சட்டையோடு நெஞ்சளவு தண்ணீரில் நின்றவனைக் கரைவலைக்காரர்கள் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள்.

ஆஸ்பத்திரி மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது; பேச்சைக் கொடுக்கவில்லை. பிறகுதான் யாரோ சொல்லி இந்த ஆலோசகர் அனுசியா மேடத்திடம் வந்தாள். ஷெட்டில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கூலி. கூலி கைக்கு வந்த வாரத்தில் போன் போட்டுக் கேட்டுவிட்டு ரெக்சனைக் கூட்டி வருவாள். மூன்றாவது தடவை வந்து போன அன்று, சோற்றைப் பிசைந்துகொண்டே ரெக்சன், "குழம்புல உப்பு இல்ல" என்றான். அடுப்படிக்குள் போய் உப்பு ஜாடியைக் கட்டிக்கொண்டு விஜிலா அழுதாள். நாலு மாதத்துக்கு அப்புறம் அவன் வாயாகச் சொன்ன சொல் அது. இன்றைக்கு இந்தப் படியில் திரும்ப இறங்கினால் அதுவும் போய்விடும், மறுபடி கடற்கரையில் போய்த் தேட வேண்டியிருக்கும் என்று அவள் பயந்தாள்.

அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "தங்கச்சி, நாங்க எப்பம்மா இந்த நாளெல்லாம் கேட்டோம்?"

இசக்கிசெல்வி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மூன்று புதன்கிழமைகள் சிவப்பில் இருந்தன. "ஒவ்வொரு தடவையும் நீங்க கிளம்பும்போது கேட்டேம்லக்கா, அடுத்த புதன் பதினோரு மணிக்குப் போட்டுரட்டுமான்னு. நீங்க, 'சரிம்மா, வாரோம்'னீங்க. ஒங்க போனுக்கு மெசேஜும் போச்சே."

மெசேஜ் இங்கிலீஷில் போயிருக்கும். ரீசார்ஜ் பண்ணு, லோன் வாங்கு என்று வருகிற கூட்டத்தோடு அதுவும் கிடந்திருக்கும். ஆனால் அந்த ‘வாரோம்’ அவள் சொன்னதுதான். அறையை விட்டு வந்ததும் ரெக்சன் நிற்க மாட்டான், நேரே படியில் இறங்கிவிடுவான். அவனை விடாமல் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில், இந்தப் பெண் என்ன கேட்கிறாள் என்றுகூடக் காதில் வாங்காமல், மரியாதைக்கு ஒரு சொல்லைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

"அது போயிட்டு வாரோம்னு சொன்னதும்மா. ஒங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி போறேன்னா சொல்லிட்டுப் போவாக? வாரேன்னுதான சொல்லுவாக. அதுக்குன்னு மறுவாரமும் எலையப் போட்டு வச்சிட்டு, சாப்பிட வரலன்னு காசு கேப்பீகளா?"

இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "எனக்குப் புரியுதுக்கா. எனக்கு ஆழ்வார்திருநகரிதான் ஊரு, நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம். ஆனா மேடம் அந்த நேரத்துக்கு வேற ஆளு போடாம, ஒங்களுக்காக ஒக்காந்திருந்தாங்க. அதுக்கு யாரு குடுப்பா?"

அதிலும் நியாயம் இருந்தது. எதிராளி பேச்சில் நியாயம் தெரிந்தால் விஜிலாவுக்குச் சண்டை ஓடாது. திகைத்துப்போய்த் திரும்பவும் தேதிகளைப் பார்த்தாள். சட்டென்று விரலை வைத்தாள்.

"ஆகஸ்டு அஞ்சா? அன்னைக்கு மாதா கோயில் திருநாள்லா? மாவட்டத்துக்கே லீவு. நீங்க தொறந்தே இருந்தீகளா?"

இசக்கிசெல்வி யோசித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆமாக்கா. பூட்டித்தான் கெடந்துச்சு." ஒரு சிவப்புப் புதன் மறைந்தது.

மற்ற நாளாக இருந்தால் இந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு தெரு முழுக்க ஒரு வாரம் பேசியிருப்பாள். இன்றைக்கு அது எதற்கும் காணாது. இன்னும் இரண்டு நாளுக்கு இரண்டாயிரத்து நானூறு. பர்ஸில் இருந்தது இன்றைக்கான ஆயிரத்து இருநூறு. அதைப் பாக்கிக்குக் கொடுத்தாலும் பாக்கி தீராது. ரெக்சனும் உள்ளே போக முடியாது.

"அடுத்த கூலி வந்ததும் கொண்டாந்து போட்டுருதேன் தாயி. இன்னைக்கு மட்டும் விட்டுரு."

"நானா முடிவெடுக்க முடியாதுக்கா. மேடம்ட்டதான் கேக்கணும். உள்ள ஆளு இருக்கு."

"எப்ப வருவாக?"

"அரை மணி நேரமாகும். கணக்கு முடியலன்னா ஒங்க நேரம் அடுத்த ஆளுக்குப் போயிரும்."

இவ்வளவு நேரம் அமுக்கி வைத்திருந்த குரல் அப்போது அவளையும் மீறி வெடித்தது. "அது ஒரு வார்த்தம்மா! வாரோம்னு சொன்னா வந்துதான் ஆகணும்னு சட்டமா? வாரேன்னு சொல்லிட்டுப் போனவுகல்லாம் திரும்பி வந்துருதாகளா?"

"ரெனிஷும் வாரேன்னுதான் சொன்னான்."

குரல் பின்னாலிருந்து வந்தது. விஜிலா திரும்பினாள். ரெக்சன் இன்னமும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொழாயக் கடிக்கதுக்கு முன்னால, 'வாரேன்ணே'ன்னான். என்னைக்கும் சொல்ல மாட்டான். நான் சிரிச்சேன். ஏலே, கீழதானல போற, இதுக்கு எதுக்குல சொல்லிட்டுப் போறன்னேன். சிரிச்சிக்கிட்டே கயிற விட்டுக் குடுத்தேன்." இல்லாத கயிற்றைப் பிடித்த மாதிரி அவன் இரண்டு கைகளும் இறுகின. "வாரேன்னான், விஜிலா. வாரேன்னுட்டுத்தான் போனான்."

அவன் அழுதான். தம்பியைப் புதைத்த அன்றும் அழாதவன், வாயைத் திறந்து, குழந்தை மாதிரி அழுதான். இத்தனை மாதம் அவன் ஏன் அந்த ஒரு சொல்லைத் தன்னிடம் சொல்லாமலே போனான் என்பது விஜிலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடிப்போய் அவன் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அறைக் கதவு திறந்தது. அனுசியா ஒரு கணம் நின்று பார்த்தார். உள்ளே இருந்தவரிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு வந்து, ரெக்சனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவனைத் தொடவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. இன்னும் கயிற்றைப் பிடித்த மாதிரியே இறுகியிருந்த அவன் கைகளைப் பார்த்துக் கேட்டார்.

"கயிறு கையில இருந்துச்சு. அப்புறம், ரெக்சன்?"

ரெக்சன் மூக்கைத் துடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தான். மேஜையில் இசக்கிசெல்விக்குத் தர்மசங்கடம். கணக்கு முடியவில்லை, ஆனால் வைத்தியம் ஆரம்பித்துவிட்டது. கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு விஜிலாவைப் பார்த்து, "எக்கா..." என்று இழுத்தாள்.

விஜிலா எழுந்து மேஜைக்கு வந்தாள். பர்ஸில் இருந்ததை எடுத்து, எண்ணாமல் அவள் முன்னால் வைத்தாள்.

"எழுதிக்கோ தாயி" என்றாள், ரெக்சனுக்குக் கேட்காத குரலில். "வந்ததுக்கும் எழுதிக்கோ, வராததுக்கும் எழுதிக்கோ. அந்தத் திருநாளையும் சேத்தே எழுதிக்கோ. எந்தச் சட்டியப் பானைய வித்தாவது கட்டிருதேன். இப்பம் அவுக பேச்ச நிறுத்திராதீக."

பிறகு திரும்பிப் போய், அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கத் தரையில் உட்கார்ந்தாள்.