பன்னிரண்டு புள்ளியும் ஒரு ஜோடிச் செருப்பும்

தெரியாமல் செய்த தப்பு என்று சொன்னால் எங்கள் ஊரில் நம்பிவிடுவார்கள். வேதக்கார வாத்தியார் வீட்டுப் பிள்ளை, சர்ச்சுக்குப் போகிறவன், செட்டியார் வீட்டுக் கணக்கு அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அவர்களே எனக்காகப் பரிந்தும் பேசுவார்கள். காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். தெரிந்தேதான் எழுதினேன்.

ஒரு நாளிதழின் வட்டார இணைப்புக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. நாலே பக்கம், பேப்பருக்கு நடுவில் செருகி வரும். கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், கண்ணீர் அஞ்சலி என்று பொடிப்பொடியாக என்னென்னவோ வரும். ஆனால் அந்த நாலு பக்கத்தையும் தாங்கி நிறுத்தியது ஒரு பாத்திரக்கடையின் அரைப் பக்க விளம்பரம்தான்.

ஒருநாள் அந்தக் கடை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "சார், போன்ல விளம்பரம் போட்டா எத்தனை பேரு பாத்தாகன்னு சாயங்காலமே காட்டிருது. உங்க பேப்பரை யாரு படிக்கிறா? எத்தனை காப்பி விக்கிதுன்னு சொல்லாதீக. விக்கிறது வேற, படிக்கிறது வேற. நம்ம சுத்துப்பட்டு வீடுகள்ல விசாரிச்சு எழுதிக் கொண்டாங்க. இல்லைன்னா இந்த மாசத்தோட நிறுத்திக்குவோம்" என்றார்.

மதுரை ஆபீசில் சொன்னேன். அந்த அரைப் பக்கம் போனால் இணைப்பையே நிறுத்திவிடுவோம் என்று மேனேஜர் பட்டென்று சொல்லிவிட்டார். இணைப்பு போனால் நானும் போக வேண்டியதுதான். ஐம்பத்துநாலு வயதில் என்னை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

ஆபீசிலிருந்து கேள்வித்தாள் அனுப்பினார்கள். வீட்டில் எத்தனை பேர், நேற்றைய பேப்பரை யார் யார் படித்தார்கள், எந்தப் பக்கத்தை முதலில் புரட்டினார்கள், எந்த விளம்பரம் நினைவிருக்கிறது. நல்ல கேள்விகள்தான். முதல் இரண்டு நாள் நேர்மையாகத்தான் அலைந்தேன். நேமத்தான்பட்டியில் ஒரு தெருவில் பத்து வீட்டுக்கு ஆறு வீடு பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த வீடுகளில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "எல்லாரும் மெட்ராஸ்ல இருக்காக" என்றார். எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டில் ஓர் ஆச்சி கதவைத் திறந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள். கையில் எங்கள் பேப்பர். எனக்குக் கண்ணீரே வந்துவிடும் போலிருந்தது.

"வீட்டுல எத்தனை பேரு ஆச்சி?"

"பன்னெண்டு புள்ளி தம்பி."

கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் அவர்களுக்குக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. வீட்டில் பங்குள்ள அண்ணன் தம்பிகள் சென்னையில் இருந்தாலும் பினாங்கில் இருந்தாலும் அந்த வீட்டுப் புள்ளிதான். ஊரில் தங்கி அடுப்புப் பற்றவைப்பவர் ஒருவராக இருக்கலாம். எத்தனை பேர் என்று கேட்டால் பழக்கத்தில் எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

"எல்லாரும் பேப்பர் படிப்பாகளா?"

"எல்லாருக்கும் தெனம் பேப்பர் வேணும். எங்க வீட்டுல ஒருத்தரும் விடமாட்டாக."

இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எப்படி ஆச்சி என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்டால் கணக்கு குறைந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு புள்ளிக்கு இருபத்துநாலு வாசகர் என்று எழுதினேன். என் போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் போன வீடுகளிலும் அதே வேலைதான். வழி தெரிந்துவிட்டது அல்லவா.

முதலாளி தாள்களை வாங்கிப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவரே கொத்தமங்கலம் போயிருக்கிறார். திங்கட்கிழமை என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"சார், இருபத்துநாலு பேருன்னு எழுதியிருக்கீக. வாசல்ல ஒரு ஜோடிச் செருப்புதான் கெடந்துச்சு. தனியாத்தான் இருக்கேன்னு அந்த ஆச்சியே சொன்னாக. நீங்க ஒண்ணுன்னு எழுதியிருந்தாக்கூட விளம்பரத்தைத் தொடரலாமான்னு நான் யோசிச்சிருப்பேன்."

திட்டியிருந்தால் தேவலை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மாதக் கடைசியில் இணைப்பு நின்றது. நின்ற மூன்றாம் நாள் போன் வந்தது. அதே ஆச்சி.

"தம்பி, நடுத்தாளைக் காணோமே. செருக மறந்துட்டாகளா?"

போனில் சொல்ல மனது வரவில்லை. நேரே போனேன். நின்னுபோச்சு ஆச்சி என்றதும் அவர்கள் முகம் வாடிவிட்டது.

"இனி அவுகளுக்கு நான் எதைத் தம்பி வாசிக்கிறது?" என்றார்கள்.

அப்புறம்தான் விவரம் வந்தது. தினமும் காலையில் ஆச்சி போனில் எல்லா வீட்டையும் ஒன்றாகக் கூப்பிடுவார்களாம். சென்னை, பெங்களூரு, பினாங்கு. இவர்கள் பேப்பரை வாசிக்க வாசிக்க அத்தனை பேரும் கேட்பார்களாம். வெளிநாட்டுச் செய்தியெல்லாம் யாருக்கும் வேண்டாம். நடுத்தாள்தான் வேண்டும். நம்ம ஊரில் யார் தவறினார்கள், எந்தக் கோயிலில் என்ன விசேஷம்.

"பாத்திரக்கடை விளம்பரத்தை ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லுவாக. கல்யாணம்னா இங்க வந்துதானே செய்யணும், பொண்ணுக்குச் சீர்ச் சாமான் பரப்பி வைக்க வேணாமா? கொழுந்தன் மகளுக்கு அதைக் கேட்டுத்தான் அந்தக் கடையில எடுத்தாக."

பன்னிரண்டு புள்ளிக்கும் தினம் பேப்பர் வேண்டும் என்று ஆச்சி சொன்னது நிஜம். பொய்யாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான்தான் ஆசையாசையாக எழுதினேன்.

பஸ்ஸைப் பிடித்து நேரே கடைக்கு ஓடினேன். ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளி கடைசி வரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதை அன்னைக்கு எழுதிக் கொண்டாந்திருந்தா நான் முழுப் பக்கமே கொடுத்திருப்பேன் சார். இன்னைக்கு நீங்க வந்து சொல்றீக. நான் எப்படி நம்புறது?"

அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.