மடியில் கிடந்த துப்பாக்கி

எங்கள் வேலைத்தளத்தில் வெயில் சாயத் தொடங்கியதும் ஒரு வெள்ளை பிக்கப் வந்து நிற்கும். ஹமத் இறங்குவார். ஐம்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி, பூவேலை செய்த தலைப்பாகை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் பேரீச்சந்தோட்டத்து வேலியோரம் மரநிழலில் போட்டு உட்காருவார். பிறகு ஒரு நீளத் துப்பாக்கியை எடுத்து மடியில் குறுக்காகக் கிடத்திக்கொள்வார். இருட்டும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நான் கோயம்புத்தூர்க்காரன், சிவில் இஞ்சினியர். குடும்பம் மஸ்கட்டில், ரூவியில். வேலை மட்டும் உள்நாட்டு மலையடிவாரத்தில். புதிய தண்ணீர்த் தொட்டிக்கு நாங்கள் போட்ட சாலை ஹமத்தின் வேலியை ஒட்டிப் போயிற்று. அந்த ஓரம் தன் பாட்டனார் காலத்து நிலம் என்று அவர் அரசிடம் முறையிட்டிருந்தார். இல்லை என்று பதில் வந்துவிட்டது. அதற்கு மறுநாளிலிருந்துதான் நாற்காலியும் துப்பாக்கியும்.

ஒமானில் துப்பாக்கி பார்க்காதவன் அல்ல நான். இந்த மலைப்பக்கத்தில் கல்யாண ஊர்வலத்தில் பெரியவர்கள் அதைத் தோளில் சாய்த்து வருவதையும், அதை வைத்துக்கொண்டு ஆடுவதையும் என் மகளோடு நின்று கைதட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கண் அந்த மரத்தடிக்குப் போய்வந்தது. சிரிப்பு நின்றது. யாரும் பாட்டுப் போடவில்லை.

“சுட மாட்டாரு சார், அது தெரியும். ஆனா அத முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு எப்படி சார் குனிஞ்சு வேலை பாக்குறது?” என்றார் கருப்பையா. ராமநாதபுரத்துக்காரர், எங்கள் போர்மேன்.

போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி பலூச்சி வம்சத்தவர். இந்தி நன்றாகப் பேசினார். ஏலக்காய் மணக்கும் காவாக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“யாரையாவது குறி வைத்தாரா?”

“இல்லை.”

“மிரட்டினாரா? குச் போலா?”

“ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.”

அவர் நான் மொழி தெரியாமல் உளறுவதாக நினைத்தார். நான் திரும்பவும், ஆட்கள் பயப்படுகிறார்கள், அமைதி கெடுகிறது என்றேன். அவர் சிரித்தார். “உட்கார்ந்திருப்பது அவருடைய நிலம். பந்தூக் அவருடைய அப்பாவுடையது. எங்களுக்கு அது உடை மாதிரி, பாய். பயம் உங்கள் ஆட்களின் நெஞ்சில் இருக்கிறது. நெஞ்சில் இருப்பதற்கு நான் எப்படி அவர்மேல் வழக்குப் போட முடியும்?”

வெளியே வந்தேன். காரில் வரும்போது பொள்ளாச்சிப் பக்கத்து எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. கிணற்றுத் தண்ணீர்ப் பங்கைப் பேசக் கோயில் முன்னால் கூடியிருந்தார்கள். பெரிய தோட்டத்துக்காரர் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்தார். பன்றி விரட்டிவிட்டு நேரே வருகிறேன் என்றார். பெஞ்சில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். தண்ணீர் அவர் கேட்டபடியே போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, “அவன் ஒண்ணுமே பேசலையாமா! பேசி முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சான்” என்றார். அன்றும் சட்டம் மீறப்பட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூட்டத்தில் ஒரு போலீஸ்காரரும் நின்றிருந்தார்.

நான் ரூவி அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு நாள் சைட்டிலிருந்து போன். ஹமத் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார், சர்க்கரை இறங்கிவிட்டதாம். முதலில் ஓடியவர் கருப்பையா. வாயில் பெப்ஸியைப் புகட்டி, முகத்தில் தண்ணீர் தெளித்து, அன்று பிக்கப்பை ஓட்டி வந்த அவர் மருமகனோடு சேர்ந்து அவரைத் தூக்கி ஏற்றியிருக்கிறார். வண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. துப்பாக்கி மண்ணில் கிடந்தது.

அப்படியே விட்டால் எவனாவது எடுத்துப் போவான், பழி நம்மேல் விழும் என்று கருப்பையா அதை எடுத்துக்கொண்டு ஹமத்தின் வீட்டுக்கு நடந்திருக்கிறார். வீடு சாலை வளைவுக்கு அப்பால். எதிரே காரில் குழந்தைகளோடு வந்த ஒரு பெண் அவரைப் பார்த்து அலறி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் போலீசுக்குச் சொல்லிவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கருப்பையா நிலையத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, இரு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார்.

“பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரிதான் சார் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுப் போனேன். தோள்லகூடப் போடல. என்னைய ஊருக்கு அனுப்பிருவாங்களா?”

அதே அதிகாரிதான். இந்த முறை காவா இல்லை. “பொதுச்சாலை. ஆயுதம். மக்கள் பயந்திருக்கிறார்கள்” என்றார்.

“கருப்பையாவும் யாரையும் குறி வைக்கவில்லையே. நீங்கள்தானே சொன்னீர்கள், பயம் நெஞ்சில் இருக்கிறது என்று?”

அவர் முகத்தில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “ஹமத் கையில் அது உடை. உன் ஆளுக்கு அது உடை இல்லை. காரில் வந்தவளுக்கு உன் ஆளின் மனசு எப்படித் தெரியும்?”

அந்தப் பெண் பயந்தது பொய்யில்லை. என் ஆட்கள் பயந்ததும் பொய்யில்லை.

மறுநாள் மதியம் ஹமத் மருமகன் தோளைப் பிடித்தபடி நிலையத்துக்கு வந்தார். அவர் குரலை நான் கேட்டது அன்றுதான். எதிர்பாராத மெல்லிய குரல். இவன் என்னைத் தூக்கினான், என் துப்பாக்கியை என் வீட்டுக்குத்தான் கொண்டுபோனான், கலாஸ், அவ்வளவுதான் என்றார். கருப்பையாவை விட்டுவிட்டார்கள். ஹமத் அவர் கையை இரு கைகளாலும் பற்றினார். துப்பாக்கி அவரிடமே திரும்பியது.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு வாரம் கழித்து, வெயில் சாய்ந்ததும், பிக்கப் வந்தது. நாற்காலி, மரநிழல், மடியில் துப்பாக்கி. ஒரே மாற்றம், கருப்பையாவைப் பார்த்தால் மட்டும் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. குளிர்காலத்துக்குள் வரைபடம் மாறி வந்தது. சாலை வேலியை விட்டு விலகி வளைந்து போகும் என்றார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

கருப்பையா இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் பொதுச்சாலையில் கடப்பாரையைக்கூடத் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. வேறு யாரையாவது எடுத்துவரச் சொல்வார். கார் எதிரே வந்தால் உள்ளங்கைகள் தெரிய இரு கைகளையும் விரித்தபடி ஓரமாக நின்றுவிடுவார்.

இந்த முறை விடுமுறையில் கோயம்புத்தூரில் நானும் மனைவியும் கடைவீதிக்கு நடந்துகொண்டிருந்தோம். பின்னால் ஒரு போலீஸ் ஜீப் மெதுவாக வந்து எங்களைக் கடந்து போயிற்று. மனைவி நின்றாள்.

“ஏனுங்க, எதுக்குக் கையை இப்படி விரிச்சுட்டு நிக்கறீங்க? இது நம்மூருங்க.”

அவள் சொன்னது காதில் விழுந்தது. ஜீப் முனை திரும்பும்வரை கைகளை இறக்க முடியவில்லை.