வெந்நீர் வரும்வரை

எங்கள் அண்ணிக்கு வாய் அதிகம். கொழுந்தன் எரிச்சலில் சொல்கிறான் என்று நினைத்தால், ஹோட்டலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பழைய ஹோட்டலில் இருபத்தாறு வருடமாக அண்ணிக்கு மாடி அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. எனக்குக் கீழே சலவை அறை. அண்ணன் இறந்த பிறகு, ஹோட்டல் கொடுத்த ஒற்றை அறைதான் அண்ணிக்கும் அவர் மகளுக்கும் வீடு.

நியாயமாகச் சொன்னால், அந்த வாய்க்கு ஒரு காரணம் உண்டு. கட்டடத்துக்கு வயது நூறு. குழாய்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. பாய்லரிலிருந்து கிளம்பும் வெந்நீர் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை தங்க வந்தவர் துண்டோடு நின்று கத்துவார். அண்ணி போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கதை சொல்லி ஆளைச் சமாளிப்பார்.

"இந்தப் பன்னிரண்டாம் நம்பர் ரூம்ல ஒரு கப்பல் கேப்டன் ஏழு வருஷம் இருந்தாருங்க..."

கேப்டனுக்கு ஒரு காதலி, ஒரு கிளி, மூழ்கிப் போன கப்பல், எல்லாம் உண்டு. தண்ணீர் சூடாகத் தாமதமானால் கிளிக்கும் ஒரு ஜோடி வந்துவிடும்.

"அண்ணி, புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

"குளிச்சிட்டுச் சிரிச்சிட்டே போறாங்கள்ல? உனக்கு எங்கடா வலிக்குது?" என்பார்.

வலிக்கும் நாளும் வந்தது. தங்கியவர்கள் சொன்னதை நம்பி, முதலாளி அந்த அறைக் கதவில் 'கேப்டன் அறை' என்று பித்தளைப் பலகையே அடித்துவிட்டார். நூறாவது ஆண்டுக்கு ஹோட்டலின் வரலாற்றைப் புத்தகமாகப் போட ஒரு கல்லூரி ஆசிரியையையும் வரவழைத்தார். அந்த அம்மா ஒரு வாரம் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கேப்டனும் இல்லை, கிளியும் இல்லை.

முதலாளி அண்ணியைப் பன்னிரண்டாம் அறைக்கே கூப்பிட்டார். நான் பெட்ஷீட்டுகளைச் சுமந்துகொண்டு, அதையே சாக்காக வைத்துப் பின்னாலேயே போனேன்.

"ஊரே சிரிக்கப் போகுது! இந்த மாசக் கடைசியோட நீ கிளம்பிடும்மா."

அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. "பொய்தாங்க சார். நான்தான் சொன்னேன்" என்றார். மகளுக்குப் பரீட்சை வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இவர்கள் எங்கே போவார்கள்?

ஆசிரியைதான் கேட்டார்: "அக்கா, இந்த ரூம்ல நிஜமா நடந்தது எதாவது சொல்லுங்களேன்."

அண்ணி திருதிருவென்று விழித்தார். "நிஜமா ஒண்ணும் நடக்கலியேம்மா."

எனக்கு வந்ததே கோபம்! "ஏன் அண்ணி, அந்த பஸ் டிரைவரைச் சொல்லுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

"அதுல என்னடா இருக்கு?" என்று முனகிக்கொண்டே அண்ணி ஆரம்பித்தார். "கீழ போற கடற்கரை ரோட்ல முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு. ரிட்டையர் ஆன மறுநாள், ஒரே ஒரு நாளைக்கு இந்த ரூமை எடுத்தாரு. வெந்நீர் வேணாம்னுட்டாரு, கதைக்கே வேலையில்ல. செருப்பைக்கூடக் கழட்டாம பால்கனியில உக்காந்தாரு. 'முப்பது வருஷமா கடல் பக்கத்துலயே வந்துச்சும்மா, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியல'ன்னாரு. சாயங்காலம் அவர் ஓட்டின பஸ் கீழ வந்துச்சு. புது டிரைவர் வண்டியை நிறுத்தி, மேல பாத்து ஹாரன் அடிச்சாரு. பஸ் முழுக்கக் கையாட்டுச்சு. இவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பாத்துட்டேம்மா, நல்லாப் பாத்துட்டேன்'னாரு. அவ்வளவுதான்."

ஆசிரியை எழுதுவதை நிறுத்தியிருந்தார். முதலாளி மூக்கைச் சிந்திவிட்டு எரிந்து விழுந்தார்: "இதை விட்டுட்டு எதுக்கும்மா கிளி?"

"இது சும்மா நடந்ததுதானே சார். இதைப் போய் யாரு கேப்பாங்க?"

முதலாளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "மாசக் கடைசின்னு சொன்னதை விடு. இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"இருபத்தாறு வருஷம் இருக்கே சார்" என்றார் அண்ணி.

ஆசிரியை புதுப் பக்கத்தைத் திருப்பினார். சலவை கிடக்கட்டும் என்று நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.