பாதம் பார்க்கிறவள்

சின்ன வயதில் யாருக்காவது அடிபட்டால் மற்ற பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் மட்டும் குனிந்து கிட்டே போய்ப் பார்ப்பாள். காய்ந்த பொருக்கு எத்தனை நாளில் உதிரும், ஒருத்தருக்குச் சட்டென்று ஆறுகிற காயம் இன்னொருத்தருக்கு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அக்கா முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது தினமும் காலையில் போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இவளை அந்தப் பக்கம் போகச் சொல்லு. என் காலைக் கண்காட்சி மாதிரி பார்க்கிறா!" என்று அக்கா அலறினாள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் 'கம்பவுண்டர்' என்று பெயர் விழுந்தது.

நர்சிங் படிக்கத்தான் ஆசை. பள்ளி முடித்த வருடம் அப்பா முதுகு போய்ப் படுத்துவிட்டார். ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தற்காலிகம் என்று போனவள் பதினாறு வருடம் இருந்துவிட்டாள். நடுவில் ஓர் எலக்ட்ரீஷியனோடு கல்யாணம், ஒரு மகள்.

கடையில் நாளெல்லாம் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்தவர் கால்களைப் பார்க்கிற வேலை. யாருக்குக் குதிகால் வெடித்திருக்கிறது, யார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார் என்று பழைய செருப்பைத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஒருநாள் பள்ளி வேன் ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் புது ஷூ வாங்க வந்தார். பழையதைக் கழற்றினாள். சாக்ஸ் முன்பக்கம் ஈரமாக இருந்தது. ஷூவுக்குள் கைவிட்டுத் தடவியபோது சுருக்கென்று விரலில் ஏதோ பட்டது.

"ஐயா, அடியில ஆணி ஏறியிருக்கு. உங்க கால்லயும் குத்தியிருக்கு. வலிக்கலையா?"

"ஆணியா? எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா" என்று அவர் சிரித்தார்.

"சுகர் இருக்குதா?"

"அது பத்து வருஷமா இருக்கு. அதுபாட்டுக்கு அது இருக்கு, என்பாட்டுக்கு நான் இருக்கேன்."

அவள் புது ஷூவை டப்பாவில் போட்டு மூடினாள். "முதல்ல ஆஸ்பத்திரி. ஷூ அப்புறம்."

முதலாளி முறைத்ததைக் கண்டுகொள்ளாமல், வண்டி பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று, கால் தப்பியது. ஏன் வலிக்கவில்லை, எப்போதிலிருந்து மரத்திருக்கும், இனி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மாவைத் துளைத்தெடுத்தாள். களைத்துப்போயிருந்த டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "இவ்வளவு கேக்கறீங்களே, நீங்க செருப்புக் கடையில என்ன பண்றீங்க?" என்றார்.

சாதாரணமாகக் கேட்டதுதான். அவளுக்கு அது ஒரு வாரம் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேரப்போவதாகக் கணவனிடம் சொன்னபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அவன் சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு, "சரி, காலைச் சமையல் என்னுது. உப்பு கூடிப்போச்சுன்னு யாரும் சத்தம் போடக் கூடாது" என்றான்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாப் பெண்களும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். டீச்சர் என்று நினைத்துவிட்டார்களாம்.

அவமானம் அதற்குப் பிறகுதான் வந்தது. புண் கட்டுகிற அறையில் முதல் முறையாகக் கட்டைப் பிரித்தபோது, அந்த வாடையில் அவளுக்குக் கண் இருட்டியது. விழித்தபோது தரையில் கிடந்தாள். நோயாளியே தன் ஃபைலால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அழுதாள். இத்தனை வருட ஆர்வம் வெறும் வேடிக்கைதானோ என்று தோன்றியது. யோசிக்க யோசிக்க ஒன்று பிடிபட்டது: சின்ன வயதில் அவள் பார்த்ததெல்லாம் தானாக ஆறுகிற காயங்கள். இவை அப்படியல்ல, ஆறுவதற்கு ஆள் வேண்டும். மறுநாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றாள். மூன்றாம் நாள் இடுக்கியைக் கையில் வாங்கினாள்.

இப்போது ஓர் ஆஸ்பத்திரியில், சுகர் நோயாளிகளுக்கான பாதப் பிரிவில் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. எல்லாம் ஜெயிக்கவில்லை. சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீட்டில் கொதிக்கிற வெந்நீரில் காலை வைத்த ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. "நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்ல?" என்றார் அவர். அவள் கட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "கட்டு இறுக்கமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

போன மாதம் ஒரு தையல்காரம்மாவின் உள்ளங்கால் புண், பதினோரு மாதம் கழித்து, முழுதாக மூடியது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"நாளைக்கு வர வேண்டாம்மா. ஆறிடுச்சு."

தையல்காரம்மா எழுந்திருக்கவே இல்லை. "அப்போ உன்னை எப்படிப் பார்க்கிறது?"

"நான் துணி எடுத்துக்கிட்டு வரேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனாள். அந்த அம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கேட்காமலே இரண்டு பாதங்களையும் தூக்கிக் காட்டிவிட்டு, "பார்த்தாச்சா? இப்ப நீ நேரா நில்லு" என்றார்.