கயிறு கட்டாத துப்பாக்கி

அமெரிக்காவின் ஐடஹோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் வெர்லின், மர ஆலை வேலை போக மிச்ச நேரமெல்லாம் கொட்டகையில் ரைபிள் செய்வார். புதிய துப்பாக்கியை முதலில் கையில் பிடித்துச் சுடமாட்டார். பழைய டயரில் இறுகக் கட்டி, விசையில் கயிறு மாட்டி, லாரிக்குப் பின்னால் நின்று இழுப்பார். இதுவரை செய்த பதினொன்றில் இரண்டு அப்படிக் கயிறு இழுத்தபோதே வெடித்துச் சிதறின.

பன்னிரண்டாவது, மகள் லியானாவின் முதல் மான் வேட்டைக்கு. ஞாயிறு ஆராதனையில் பாதிரியார் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். மதியமே அப்பாவும் மகளும் குறி சரிபார்க்கக் கல்குவாரிக்குக் கிளம்பினார்கள்.

"கயிறு கட்டிச் சுட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ணியாச்சுப்பா. இனிமே கயிறு கட்டினா ஆண்டவரை நம்பலைன்னு ஆயிடும்," என்றார் வெர்லின்.

"ரெண்டு தடவ உன்னைக் காப்பாத்தினது கயிறுதான்யா. இரும்புக்கு ஜெபம் கேக்காது."

"அங்கிளுக்குப் பொறாமைப்பா," என்று லியானா சிரித்தாள். "அவரு ரைபிளுக்கு யாரும் ஜெபம் பண்ணலை."

நம்பிக்கை அப்பாவுடையது; கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்கப்போவது மகள். அதைச் சொல்வதற்குள் லாரி போய்விட்டது. டயர் கொட்டகை வாசலிலேயே கிடந்தது.

குறி சரிபார்க்க மூன்று முறையாவது சுடுவார்கள். குவாரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அடுத்ததற்குக் காத்து நின்றேன். வரவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.